மூடிய இரும்பு

நவம்பர் 4, செவ்வாய்

பேசாமலிருந்தது போதும். வெளியே சொல்ல முடியாவிட்டால் இங்காவது எழுதுகிறேன். கைபேசியில். தாளில் எழுதினால் அறையிலிருப்பவர்கள் எடுத்துப் படிப்பார்கள், பிறகு என்னிடமே வந்து சந்தேகம் கேட்பார்கள்.

விடிந்ததிலிருந்து மழை. பழைய இரும்பு யார்டு முழுக்கச் சேறு. இடது பூட்ஸில் ஓட்டை. கடைவாய்ப் பல் வலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் அகதி அட்டையைக் கேட்பார்கள், பிறகு எங்கே வேலை என்று கேட்பார்கள். எனக்கு இந்த நாட்டில் வேலை செய்ய உரிமை இல்லை. ஆகவே கிராம்பு.

போர்ட் கிள்ளானிலிருந்து கொண்டெய்னர் வந்தது. கொழும்பில் கப்பல் ஏற்றியது, வன்னியில் பொறுக்கியது. அனுப்பியவர் என் தங்கச்சியின் புருஷன். யுத்தத்துக்கு முன் பஸ் கண்டக்டர். நான் பௌதிகம் படித்து அதே ஊரில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவன். இப்போது மச்சான் பழைய இரும்பு முதலாளி, சொந்தமாக லொறி. அவர் அனுப்புகிற இரும்பைக் கிள்ளானில் தரம் பிரித்து நான் வயிறு கழுவுகிறேன். இந்த யார்டைப் பற்றித் தங்கச்சியிடம் சொன்னதே நான்தான். மச்சான் நேரே முதலாளியோடு கதைத்து வியாபாரத்தை முடித்துக்கொண்டார். ஒரு நன்றி வரவில்லை.

என் வேலை: குவியலின் முன் நிற்பது. காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளை, செம்பு, அலுமினியம். மூடிய சாமான் தனி. இரண்டு பக்கமும் அடைபட்ட குழாய், சிலிண்டர், ஃபிரிஜ் கம்ப்ரஸர். உள்ளே சிமெண்டு நிரப்பி எடையைக் கூட்டுகிற திருடர்கள் உண்டு. உருக்காலைக்காரனும் மூடியதை வாங்கமாட்டான், உலையில் வெடிக்கும். ஆகவே யார்டில் ஒரே சட்டம்: மூடியது எதுவானாலும் வெட்டு. வெட்டுகிறவன் செல்வம், அறந்தாங்கிப் பக்கத்துப் பையன். பையன் என்றால் முப்பது இருக்கும். எடைக்குத்தான் கூலி, அதனால் நிமிர்ந்தே பார்க்கமாட்டான்.

இன்று கொட்டியதில்: தண்ணீர் பம்பு, உழவு யந்திரத்துக் கலப்பை, சைக்கிள் சட்டங்கள், யாரோ வீட்டு ஜன்னல் கம்பி. ஜன்னல் கம்பியில் இன்னும் நீலப் பெயிண்ட். அதற்கடியில் அது.

பெயரை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன். ஷெல். மோட்டார் பீரங்கி ஷெல். முழங்கை நீளம். வாலில் சிறகு, ஒன்று வளைந்து கிடந்தது. உடம்பெல்லாம் துரு. மூக்குப் பகுதியில் மட்டும் எதிலோ உரசி மஞ்சளாக மினுக்கம். வெடித்திருந்தால் வால் மட்டும்தான் மிஞ்சும். இது முழுசு.

கிரேன்காரன் அதை மூடிய சாமான் குவியலின் பக்கம் தள்ளிவிட்டான். தள்ளும்போது நான் கத்தவில்லை. சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் காதும் கேட்கவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கையில் தே தாரிக் தேநீர்ப் பொட்டலத்தோடு வந்தார், சேறு படாத இடத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

"வாத்தியாரே, உங்களுக்கு எல்லாப் பைப்பும் குண்டாத்தான் தெரியும். அங்க அவ்ளோ பட்டுட்டு வந்துருக்கீங்க, நான் குறை சொல்லல லா."

சிறகைக் காட்டினேன். பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது, முகம் சொன்னது. ஆனால் வாய் வேறு சொன்னது. போலிஸுக்குச் சொன்னால் யார்டுக்கு சீல், லைசென்ஸ் போய்விடும், இத்தனை பேர் நடுத்தெருவில். பிறகு மெதுவாக, என் நன்மைக்குச் சொல்கிற மாதிரி:

"போலிஸ் வந்தா மொதல்ல யாரு கார்டு கேப்பான்? என் ஐ.சி.யையா?"

வாத்தியார் என்று கூப்பிடுகிறாரே, அதில் மரியாதை இல்லை. மூன்று வருடமாகக் கேட்கிறேன். கிரேன்காரன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான், சிரித்துக்கொண்டு.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது சாக்கு ஒன்றை எடுத்து மேலே போர்த்தினேன். தொடவில்லை. சுற்றிப் பழைய டயர்களை வைத்தேன். கேஸ் கட்டர் அந்தப் பக்கம் போகாமல் இருக்கட்டும் என்று. இப்போதைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

சட்டை காயவில்லை. நாளைக்கும் மழையாம். 

நவம்பர் 5, புதன்

மழை விட்டுவிட்டு. செல்வம் மூடிய குவியலின் மறுமுனையில் வெட்டிக்கொண்டிருக்கிறான். கம்ப்ரஸர்கள் முடிந்தன. இனி சிலிண்டர்கள். அதற்குப் பிறகு டயர் வைத்த இடம். இந்த வேகத்தில் வெள்ளி அல்லது சனி.

நாள் முழுக்க என் கண் சாக்கின் மேல். காந்தத்தைக் கீழே போட்டு இரண்டு தடவை ஏச்சு வாங்கினேன். கட்டர் பற்றவைக்கும்போது வரும் அந்தப் "பக்" சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்துவிடப் பார்க்கிறேன். கிரேன்காரன் கவனித்துவிட்டான். "வாத்தியாருக்கு முட்டி வலி" என்று எல்லாருக்கும் சொன்னான்.

மாலை தங்கச்சிக்கு ஃபோன் எடுத்தேன். சிக்னல் விட்டு விட்டு. பின்னால் கோழிச் சத்தம், யாரோ ஒரு பெண் சீனி கேட்கிற சத்தம். அங்கே கொட்டகையிலேயே கடையும் வைத்திருக்கிறார்கள். சனம் இரும்பைக் கொண்டுவந்து போடும், அந்தப் பெறுமதிக்கு மாவு, சீனி, பால்மா, சவர்க்காரம் எடுத்துக்கொண்டு போகும். கையில் காசு வராது. பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் இல்லாத வீடுகள்.

விஷயத்தைச் சொன்னேன்.

"அவர் கம்பியால தட்டிப் பாத்துத்தான் எடுக்கிறவர் அண்ணா. சத்தம் வித்தியாசமெண்டா எடுக்கமாட்டார்."

கம்பியால் தட்டி. பதினாறு வருடத்துத் துரு, அதைக் கம்பியால் தட்டிப் பார்க்கிறார்களாம். தங்கச்சியின் பிள்ளைகள் அந்தக் கொட்டகையில்தான் வீட்டுப்பாடம் செய்கிறார்கள்.

இதை மேலிடத்தில் சொல்லவேண்டும் என்றேன். அவள் குரல் மாறியது.

"மழை பெய்தாத்தான் இரும்பு மண்ணுக்கு மேல வரும். இப்பதான் சனத்துக்கு நாலு சாமான் வாங்கிற காலம். உங்களுக்கு அங்க மாசச் சம்பளம் அண்ணா. இஞ்ச இரும்புதான் சம்பளம்."

எனக்கு மாசச் சம்பளமாம். நான் படுக்கிற இடத்தை அவள் பார்த்ததில்லை. நான் சொன்னதும் இல்லை.

வைக்கும்போது சொன்னாள், என்னிடம் படித்த பிள்ளை ஒன்றும் இரும்பு கொண்டுவருகிறதாம். சேர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்ததாம். எந்தப் பிள்ளை என்று கேட்பதற்குள் தொடர்பு அறுந்தது.

மச்சான் ஃபோனுக்கே வரவில்லை. பக்கத்தில்தான் இருந்திருப்பார். அந்த மனுஷனின் மௌனம் எனக்குத் தெரியும். முன்பு மிச்சச் சில்லறை கேட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாராம். ஊரே சொல்லும்.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. வெக்கை. பல் கொஞ்சம் பரவாயில்லை.

வேலை முடிந்து கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ். சித்தப்பாவின் மகனைப் பார்க்க. அவன் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டி, நிரந்தரக் குடியுரிமை அட்டை வாங்கி, பூக்கடை வைத்திருக்கிறான். வந்த புதிதில் அவன் வீட்டில்தான் தங்கினேன். மனைவிக்குச் சங்கடம் என்று சொல்லிக் கிள்ளானுக்கு அனுப்பிவைத்தான். அதை நான் மறக்கவில்லை, அவனும் மறக்கவில்லை. அதனால் என்னைக் கண்டால் அளவுக்கு மேல் சிரிப்பான்.

கேட்டது ஒன்றுதான்: உன் ஃபோனிலிருந்து போலிஸுக்கு ஒரு அழைப்பு. யார்டு இருக்கிற இடம், சாக்கு இருக்கிற இடம். என் பெயர் வேண்டாம்.

மாலை கட்டிக்கொண்டே கேட்டான். நூலை இறுக்குவதை மட்டும் நிறுத்தினான்.

"அண்ணா, இந்த சிம் என்ட ஐ.சி. குடுத்து எடுத்தது. அடிச்சு வச்ச கையோட கடைக்கு வருவாங்கள். உனக்கு எப்பிடித் தெரியும், ஆர் சொன்னது, அவர் எங்க வேலை, பெர்மிட் இருக்கோ. நான் என்ன சொல்ல?"

உண்மையைச் சொல் என்றேன்.

"உண்மையச் சொன்னா உங்களைத்தான் சொல்லவேணும்."

என் சிம்மும் அட்டை கொடுத்து எடுத்ததுதான். அட்டையின் எண்ணை வைத்து ஆளைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? போன வருடம் பூச்சோங்கில் ஒரு கார் கழுவும் கடையில் எங்கள் ஆட்களைப் பிடித்தார்கள். அதில் ஒருவர் முல்லைத்தீவுக்காரர். எட்டு மாதம் தடுப்பு முகாமில். வெளியே வந்தபோது யாரோடும் பேசமாட்டார், சாப்பாட்டுத் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவார். நான் பார்த்தேன்.

கிளம்பும்போது தம்பி வடைப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தான். வாங்கினேன். அதுதான் எரிகிறது. ரயிலில் வலிக்காத பக்கமாகக் கடித்து முழுவதையும் தின்றும் முடித்தேன்.

செந்தூல் பக்கம் ஏதோ சிக்னல் கோளாறாம், ரயில் தாமதம். இரண்டு பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் எனக்கெதிரே விசையும் முடுக்கமும் மனப்பாடம் செய்தார்கள். தப்பாக. திருத்தவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

சாக்கு கிடக்கிறது. டயர்கள் கிடக்கின்றன. அது இல்லை.

காலை எட்டு மணிக்கே பார்த்துவிட்டேன். முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். சேற்றில் அது கிடந்த பள்ளம் அப்படியே, உள்ளே மழைத்தண்ணீர். யார் எடுத்தது, எப்படித் தூக்கினார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள், யாருடைய காலடியில் இப்போது.

விளங்குவதற்கு மத்தியானம் ஆனது. படித்த மடையன் நான். மூன்று வருடம் யார்டில் இருந்தும் இது தோன்றவில்லை. இங்கே தரம் பிரிக்கிறவன் ஒரு சாமானை சாக்கு போட்டு மூடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நல்ல பித்தளையோ செம்போ கண்ணில் பட்டிருக்கிறது, தனக்கென்று ஒதுக்கி வைக்கிறான், சனிக்கிழமை முதலாளி இல்லாத நேரம் வெளியே கடத்துவான். எல்லாரும் செய்வது. அந்த வேலையில் எனக்கு முன்னிருந்தவனை அதற்காகத்தான் துரத்தினார்கள். சாக்கு போட்டு, டயர் அடுக்கி, நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். யார்டு முழுவதுக்கும் விளம்பரம் செய்திருக்கிறேன். மஞ்சள் மூக்கு வேறு.

செல்வத்திடம் போனேன். கட்டரை அணைத்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கினான். அங்கே இருந்த சாமான் எங்கே என்று கேட்டேன்.

"எந்தச் சாமான் சார்?"

சாக்குக்கு அடியில்.

"அதான் சார் கேக்குறேன், சாக்குக்கு அடியில என்ன சாமான் வச்சிருந்தீங்க?"

பக்கத்தில் நின்ற இருவரும் சிரித்தார்கள். ஷெல் என்றேன், வெடிக்கிற குண்டு என்றேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். செல்வம் மட்டும் சிரிக்கவில்லை, அவனுக்கு வருத்தம்.

"நீங்க படிச்சவரு. பங்கு கேட்டா குடுக்கமாட்டேன்னு சொல்லிட்டுப் போங்க. பயங்காட்டாதீங்க சார்."

முதலாளியிடம் ஓடினேன். காணவில்லை என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்தது, கடவுளே, நிம்மதி.

"அப்ப சரி. இங்க இல்லல்ல? விடுங்க."

நவம்பர் 8, சனி

அரை நாள் வேலை. காலையில் யார்டு முழுக்கத் தேடினேன். கழிப்பறைக்குப் பின்னால், டீசல் பீப்பாய்களுக்கு நடுவில், லொறிகளுக்கு அடியில். எதையும் நகர்த்தாமல், டார்ச் அடித்து. ஒன்றும் இல்லை.

இரவு கனவு வரவில்லை, தூக்கமே இல்லாததால்.

வேலை முடிந்து கை கழுவுகிற குழாயடியில் நின்றேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் செல்வமும் இன்னொருவனும். நான் நிற்பது அவர்களுக்குத் தெரியவில்லை. டீசலில் ஊறினால் மரை இளகிவிடும், ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பைப் ரெஞ்ச் போட்டுத் திருகினால் மூக்கு தனியாக வந்துவிடும் என்று ஒருவன் சொல்கிறான். சுத்தப் பித்தளை என்கிறான் மற்றவன்.

மூக்கைத் திருகப் போகிறார்கள்.

சோப்புக் கையோடு ஓடினேன். அதற்குள் மோட்டார்சைக்கிள் கேட்டைத் தாண்டிவிட்டது. செல்வத்தின் ஃபோன் அணைத்துக் கிடக்கிறது. அவர்கள் எல்லாரும் சேர்ந்து தங்கும் கொங்சி வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. முதலாளி வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான் தெரியும். முதலாளி ஃபோனை எடுக்கவில்லை. லொறி ஓட்டும் மணியம் அண்ணனுக்கு வாட்ஸாப்பில் கேட்டேன். ஒரே டிக். அவர் செராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம்.

அகதி அலுவலகத்தில் கொடுத்த அவசர எண்ணுக்கு எடுத்துப் பார்த்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை என்று ஒரு பெண் குரல், மூன்று மொழியில்.

இன்னும் ஒரே டிக்.

ஒரே டிக்.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதுவது ஒரு மாமக் சாப்பாட்டுக் கடையின் வெளி மேசையில். நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை மணியம் அண்ணனின் பதில் வந்தது. "லோரி டிப்போ பின்னால டபுள் ஸ்டோரி தெரஸ் வீடு, பச்சை கேட். என்னா விசயம் வாத்தியாரே, கடன் குடுத்தீங்களா?" கிராப் டாக்ஸி பிடித்துப் போனேன்.

பச்சை கேட். உள்ளே பாட்டு. கோழிக்கறி வாசனை. ஆறு பேர். செல்வம் லுங்கியில், வெங்காயம் அரிந்துகொண்டு. என்னைப் பார்த்ததும் சலிப்போடு சிரித்தான், வாங்க சார், சாப்பிட்டுட்டுப் பேசுவோம் என்றான்.

பின்கட்டுச் சமையலறை. கேஸ் அடுப்பு, சிலிண்டர், அதன் பக்கத்தில் பெயிண்ட் வாளி. வாளியில் டீசல். டீசலில் அது, மூக்கு மேலே தெரிய. வாளியின் காதில் பைப் ரெஞ்ச் மாட்டியிருந்தது. யாரோ ஒருவன் மூக்கைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறான்.

கத்தினால் சிரிப்பார்கள் என்று தெரியும். சட்டையைக் கழற்றினேன். திரும்பி நின்று முதுகைக் காட்டினேன்.

இந்த நாட்டில் யாரும் பார்த்ததில்லை. அறையில்கூட பனியனோடுதான் படுப்பேன். இடது தோளிலிருந்து இடுப்பு வரை. உள்ளே இன்னும் இரும்பு இருக்கிறது, மழைக்காலத்தில் தெரியும்.

பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"இதே அளவு. இதே சிறகு" என்றேன். "கூடாரத்துக்கு வெளியே விழுந்தது. உள்ளே ஏழு பேர் இருந்தோம்." மிச்சத்தைச் சொல்லவில்லை.

செல்வம் எழுந்து போய் முதலில் அடுப்பை அணைத்தான். பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தான்.

"பித்தளைன்னுதான் சார்." அவ்வளவுதான் சொன்னான். மறுபடி அதையே சொன்னான்.

பையைக்கூட எடுக்காமல் ஆறு பேரும் வெளியே. கேட்டுக்கு வெளியில் வந்ததும் அடுத்த பயம். பக்கத்து வீடு. சுவர் ஒட்டிய வீடு, நடுவில் ஒரு செங்கல் கனம். ஆன்டி ஒருவர், இரண்டு பேரப்பிள்ளைகள், வாசலில் சைக்கிள். கேஸ் லீக், கொஞ்சநேரம் வெளியே போய் இருங்கள் என்றேன்.

"கேஸ் லீக்கா? பொம்பாவைக் கூப்பிட்டீங்களா?"

தீயணைப்பைக் கூப்பிட்டாச்சு என்றேன். வாய் தானாகச் சொன்னது. அவர் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, இந்தப் பசங்க மோட்டாரை எப்பவும் என் கேட்டுக்கு முன்னாடிதான் நிறுத்துறாங்க என்று என்னிடம் புகார் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வருவார். தீயணைப்பு லொறி ஏன் வரவில்லை என்று கேட்பார், தானே கூப்பிடுவார். கேஸ் லீக் என்று நம்பி நாலு பேர் அந்தச் சமையலறைக்குள் நடந்து போவார்கள். என் பொய்யை நம்பி.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் முதலில் சொல்கிற அடையாளம் என்னுடையதாக இருக்கும். கண்ணாடி போட்ட சிலோன் ஆள்.

செல்வம் முதலாளிக்கு ஃபோன் அடித்தான். இந்தத் தடவை எடுத்தார். கோயிலில் இருக்கிறார், பின்னால் நாதஸ்வரம். ஃபோனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"வாத்தியாரே, நாலு மணிக்கு நான் பிக்அப் எடுத்துட்டு வரேன். செல்வம் வாளியோட தூக்கி வைக்கட்டும். ஆத்துல விட்டுட்டா முடிஞ்சுது. நீங்க கெளம்புங்க. நீங்க பாக்கவே இல்ல."

தூக்கக்கூடாது, வண்டி குலுங்கும், வழியெல்லாம் வீடு என்றேன். பைத்தியத்திடம் பேசுகிற மாதிரி, சரி சரி என்றார். பிறகு செல்வத்தோடு தனியாகப் பேசினார்.

செல்வம் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மாமக் கடையில் மற்ற ஐந்து பேரும் வேறு மேசையில், தே ஓ வெறுந்தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல்.

"நான் தூக்குறேன் சார். மெதுவாத் தூக்குனா ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகலாம் என்றேன்.

"என் பெர்மிட்டு ரெஸ்டாரண்ட் வேலைக்கு. இங்க வெட்டுறதே தப்பு. பாஸ்போர்ட்டு அவருட்ட இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "யார்டுலேருந்து மோட்டார்சைக்கிள்ல மடியில வச்சுதான் சார் கொண்டாந்தேன்" என்றான்.

அவனுக்கு ஊரில் பெண் பார்த்திருக்கிறார்கள். தை மாதம்.

இப்போது மணி இரண்டே முக்கால். மழை இருட்டிக்கொண்டு வருகிறது.

நான்கு மணிக்கு அவன் உள்ளே போவான். நான் சொல்லி நிற்கமாட்டான். தடுக்கிற பலம் என்னிடம் இல்லை, அந்தத் தெருவுக்கு அதற்கு முன் சீருடைக்காரன் வந்து நின்றால் மட்டும்தான் நிற்பான். வந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். இந்த ஆறு பேரும் போலிஸ் லொறியில் ஏறுவார்கள். யார்டு மூடும். கொண்டெய்னரை அனுப்பியது யார் என்று கேள்வி கொழும்பு வரை போகும், அங்கிருந்து கொட்டகை வரை. மழைக்குப் பிறகு வயலில் இறங்குகிற பெண்கள் இரும்பை யாரிடம் போடுவார்கள்? தங்கச்சி இனி என்னோடு கதைக்கமாட்டாள். என்னையும் கண்டுபிடிப்பார்கள், இன்றில்லாவிட்டால் இந்த வாரம். தட்டைக் கையால் மறைத்துச் சாப்பிடுகிற மனுஷன் நினைவுக்கு வருகிறார்.

மச்சானை நினைத்து இவ்வளவு நாள் எரிந்தேன். இப்போது நினைப்பது அந்தக் கம்பியை மட்டும்தான். தட்டிக் கொண்டிருப்பார், இந்த நேரம்.

இந்த வட்டாரத்துக்காரர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். குழி விழுந்த சாலை, காணாமல் போன பூனை, தண்ணீர் வெட்டு. கவுன்சிலர் இருக்கிறார், ஸ்டேசன்காரர்கள் இருக்கிறார்கள், காலையில் படம் போட்டால் மாலையில் தார் வருகிறது. செல்வத்தின் ஃபோனில் காட்டினான் ஒருவன். பெயர் காட்டாமல் போடுவதற்கும் அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. குழு நடத்துகிறவருக்குத் தெரியுமாம், மற்றவர்களுக்குத் தெரியாதாம். தெரியட்டும், ஒருவருக்கு.

மேலே மலாய் மொழியில் நான்கு வரி எழுதிவிட்டேன். வீடு எது. பின்கட்டில் என்ன இருக்கிறது. கேஸ் அல்ல, வெடிக்காத ஷெல், யாரும் வாளியைத் தொடவேண்டாம், வெடிகுண்டுப் பிரிவு வரட்டும். பக்கத்து வீடுகளைக் காலி செய்யுங்கள்.

அதோடு நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். நிறுத்தினால் இந்த ஆறு பேரும் திருடர்கள், கதை முடிந்தது. நாளைக்கு அடுத்த கொண்டெய்னர் திறப்பார்கள், மூடியதை வெட்டு என்பார்கள். அதனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து எழுதிய இதையும் கீழே ஒட்டுகிறேன், தமிழில், உள்ளபடி. பெயர்களை மாற்றிவிட்டேன். ஊர்களை அப்படியே விட்டிருக்கிறேன்.

முதலாளி கோயிலிலிருந்து கிளம்பிவிட்டாராம். செல்வம் தே ஓவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து நிற்கிறான். உட்கார் என்றேன். உட்காரவில்லை.

கீழே பெயர் போடவில்லை. பதிவைப் போடுகிறேன்.